தெற்கே பார்த்த டிஷ்

கார்த்திகை மழைக்காற்று எங்கள் மொட்டைமாடி டிஷ்ஷை ஒரு பக்கமாகத் திருப்பிவிட்டுப் போயிருந்தது. டிவியில் படம் கட்டம் கட்டமாக உடைந்து, பிறகு அடியோடு நின்றுபோனது. சரிசெய்ய வந்த தம்பிக்கு இருபத்தைந்து வயதிருக்கும். மாடிக்கு வந்தவர் திசைகாட்டி எதையும் எடுக்கவில்லை. வெயில் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று பார்த்தார், டிஷ்ஷைத் தெற்கே திருப்பினார், போல்ட்டை அரைகுறையாக முடுக்கிவிட்டுச் சிக்னல் மீட்டரை மாட்டினார். அதற்குப் பிறகு எல்லாம் நூலிழை வேலை. இடது கையால் விளிம்பைப் பிடித்து ஒரு விரற்கடை கிழக்கே, அரை விரற்கடை மேலே என்று நகர்த்திக்கொண்டே போனார். மீட்டரில் எண் ஏறி ஏறி ஓரிடத்தில் நின்றது. வலது கையில் தயாராக இருந்த ஸ்பேனர் அந்தக் கணமே போல்ட்டை இறுக்கியது.

"எப்பவும் தெக்கேதானா தம்பி?"

"மெட்ராஸ்ல எங்க மாட்டினாலும் தெக்குதான் சார். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் கிழக்கால, கொஞ்சம் மேக்கால மாறும். வடக்கப் பாத்து ஒரு டிஷ் நான் மாட்டினதே இல்ல."

"அது ஏன்?"

"சாட்டிலைட் அங்கதான சார் நிக்குது."

அவர் போன பிறகும் அந்த "நிக்குது" என்னை விடவில்லை. டிஷ் பார்க்கிற செயற்கைக்கோள், நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. நமக்கு அது அசையாமல் தெரிகிறது என்பது உண்மைதான். அசையாததால்தானே ஒருமுறை போல்ட்டை முடுக்கிவிட்டு ஆண்டுக்கணக்கில் அதை மறந்துவிட முடிகிறது. ஆனால் டன் கணக்கில் எடையுள்ள ஒரு பொருள் அந்தரத்தில் நிற்பதென்றால் எப்படி? கீழே தூண் இல்லை. மேலே கயிறு இல்லை. எஞ்சின் ஓயாமல் உந்திக்கொண்டிருக்கவும் இல்லை.

இந்தக் கேள்விக்குப் பள்ளியில் நான் எழுதிய பதில் நினைவிருக்கிறது. ஈர்ப்பு விசை உள்ளே இழுக்கிறது, மையவிலக்கு விசை வெளியே இழுக்கிறது, இரண்டும் சமமாக இருப்பதால் கோள் சுற்றிக்கொண்டிருக்கிறது. முழு மதிப்பெண்ணும் கிடைத்தது. அந்தப் பதிலை இன்று படிக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அது விஷயத்தின் உயிரான பகுதியை மறைத்துவிடுகிறது. கயிறிழுக்கும் போட்டியில் இரண்டு அணியும் சமமாக இழுத்தால் நடுவிலுள்ள முடிச்சு எந்தப் பக்கமும் போகாது. ஒரு பொருளின் மீதுள்ள விசைகள் சமமாகிவிட்டால் அது இருந்த இடத்தில் இருக்கும், அல்லது போன திசையில் நேர்கோட்டில் போய்க்கொண்டே இருக்கும். வளையாது. செயற்கைக்கோளோ ஒவ்வொரு கணமும் வளைகிறது. அப்படியானால் விசை சமமாக இல்லை என்றுதானே பொருள்? அதன்மீது இருப்பது ஒரே ஒரு விசை. அது பூமியை நோக்கி, உள்நோக்கி. எதிர்ப்பக்கம் இழுக்க ஆளே இல்லை. (செயற்கைக்கோளோடு சேர்ந்து சுற்றுகிறவரின் கணக்கில் மையவிலக்கு விசைக்கு இடம் உண்டு, பொறியாளர்கள் அப்படியும் கணக்குப் போடுவார்கள். முதன்முதலில் புரிந்துகொள்ள முயலும் பிள்ளைக்கு அந்த வழி உதவாது என்பது என் எண்ணம்.)

உள்நோக்கி மட்டுமே இழுபடும் பொருள் என்ன செய்யும்? விழும். செயற்கைக்கோள் விழத்தான் செய்கிறது. ஏவிய நாளிலிருந்து விழுந்துகொண்டே இருக்கிறது. தரைக்கு மட்டும் வந்து சேர்வதில்லை.

இதைப் படம் போட்டுக் காட்டியவர் ஐசக் நியூட்டன். அவர் இறந்த மறு ஆண்டு, 1728-இல், அச்சான ஒரு நூலில் அந்தப் படம் இருக்கிறது. காற்றே இல்லாத உயரத்தில் ஒரு மலைமுகடு. அங்கிருந்து தரைக்கு இணையாக ஒரு குண்டைச் சுடுகிறோம். குண்டு கொஞ்ச தூரம் போய் விழுகிறது. மருந்தைக் கூட்டினால் இன்னும் தள்ளி விழுகிறது. மேலும் கூட்டினால் மேலும் தள்ளி. பூமி தட்டையாக இருந்தால் இந்தக் கதைக்கு முடிவே கிடையாது; எவ்வளவு தூரம் போனாலும் கடைசியில் குண்டு தரையைத் தொட்டுத்தான் ஆகவேண்டும். ஆனால் பூமி உருண்டை. மெரினா மணலிலிருந்து நூல் பிடித்தாற்போல் ஒரு நேர்கோட்டைக் கிழக்கே நீட்டினால், 8 கிலோமீட்டர் தள்ளிக் கடல்மட்டம் அந்தக் கோட்டுக்கு 5 மீட்டர் கீழே கிடக்கும். தரைக்கு அருகே எந்தப் பொருளும் முதல் நொடியில் விழுகிற தூரமும் கிட்டத்தட்ட அதுதான், 4.9 மீட்டர். ஆகவே ஒரு குண்டு நொடிக்கு 7.9 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் பாய்ந்தால், அது 4.9 மீட்டர் விழுவதற்குள் தரையும் 4.9 மீட்டர் வளைந்து கீழே போயிருக்கும். தரைக்கும் குண்டுக்கும் இடையிலுள்ள தூரம் மாறவே இல்லை. அடுத்த நொடியும் அப்படித்தான். குண்டு விழுகிறது, பூமி விலகுகிறது. ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான நேரத்தில் சுட்டவரின் முதுகுப் பக்கமாகவே குண்டு வந்து சேரும்.

ராக்கெட் எதற்காகப் போகிறது என்பது இந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. பூமியின் ஈர்ப்பைத் தாண்டிப் போவதற்காக ராக்கெட் மேலே மேலே ஏறுகிறது என்று நினைத்திருந்தேன். சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அங்கே ஈர்ப்பு தரையில் இருப்பதில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு. 400 கிலோமீட்டர் உயரத்துக்கு ஒரு கோபுரம் கட்டி, அதன் உச்சியிலிருந்து ஒருவர் காலை வெளியே எடுத்துவைத்தால் அவர் மிதக்கமாட்டார். கிணற்றுச் சுவரிலிருந்து தவறியவரைப் போல நேராகக் கீழே வருவார். உயரம் தேவைப்படுவது காற்றைத் தாண்டுவதற்கு. ராக்கெட் தூக்கிக்கொண்டு போகிற எரிபொருளில் பெரும்பகுதி பக்கவாட்டு வேகத்துக்கே செலவாகிறது. ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவப்படும் ராக்கெட் செங்குத்தாகக் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே கடல் பக்கமாகச் சாயத் தொடங்குவதைப் பார்த்திருப்பீர்கள். வழி தவறிப் போகவில்லை. போகவேண்டிய வழியே அதுதான்.

கிழக்கே ஏவுவதில் ஓர் ஆதாயமும் உண்டு. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால், ஸ்ரீஹரிகோட்டாவில் நிற்கும் ராக்கெட்டுக்குக் கிளம்பும் முன்பே நொடிக்கு சுமார் 450 மீட்டர் கிழக்கு வேகம் இனாமாகக் கிடைக்கிறது. துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் செயற்கைக்கோளைத் தெற்கு நோக்கி ஏவவேண்டும். அதற்கு இந்த இனாம் பயன்படாது. அதோடு ஸ்ரீஹரிகோட்டாவுக்குத் தெற்கே இலங்கை இருக்கிறது. மனிதர்கள் வாழும் நிலத்தின் மேல் ராக்கெட் பறக்கக் கூடாது என்பதால், பி.எஸ்.எல்.வி. முதலில் விலகிப் போய்ப் பிறகு வளைந்து தெற்கே திரும்புகிறது. அந்த வளைவு எரிபொருளைத் தின்கிறது. சிறிய ராக்கெட்டுக்கு இது கட்டுப்படியாகாத செலவு. தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்களே, அதற்கு இதுவே காரணம். அங்கிருந்து தெற்கே கடலைத் தவிர வேறெதுவும் இல்லை.

விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு அவ்வளவு இருக்கிறதென்றால் உள்ளே இருப்பவர்கள் ஏன் மிதக்கிறார்கள்? 1984-இல் சல்யூட்-7 நிலையத்தில் ராகேஷ் சர்மா மிதந்தார். 2025-இல் சுபான்ஷு சுக்லா சர்வதேச நிலையத்தில் மிதந்தார். செய்திகளில் இதை "ஈர்ப்பு இல்லாத இடம்" என்றே எழுதினார்கள். திருவிழா ராட்டினத்தில் ஏறியவர்களுக்கு உண்மை தெரியும். தொட்டில் உச்சிக்குப் போய், சட்டென்று இறங்கத் தொடங்கும் அந்த ஒரு விநாடியில் வயிறு மேலே ஏறுகிறது, உட்கார்ந்த பலகையின் அழுத்தம் குறைகிறது. அப்போது ஈர்ப்பு எங்கும் போய்விடவில்லை. நாமும் பலகையும் சேர்ந்து இறங்குவதால் பலகை நம்மைத் தாங்குவது குறைந்துபோகிறது. எடை என்று நாம் உணர்வது ஈர்ப்பை அல்ல, தரை நம்மை மேலே தாங்குவதை. விண்வெளி நிலையமும் அதன் சுவர்களும் உள்ளே இருப்பவரும் அவர் கையிலுள்ள தண்ணீர்த் துளியும் ஒரே சீராக விழும்போது யாரும் யாரையும் தாங்குவதில்லை. நமக்கு ராட்டினத்தில் ஒரு விநாடி கிடைக்கிற அனுபவத்தின் முழு வடிவம் அவர்களுக்கு மாதக்கணக்கில்.

இனி நிலாவுக்கு வருகிறேன். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இங்கேதான் இருக்கிறது. பிளேக் நோயால் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் மூடப்பட்டிருந்த 1665, 1666 ஆண்டுகளில் சொந்த ஊரான வுல்ஸ்தோர்ப்பில் இருந்தபோது இளைஞர் நியூட்டனுக்கு ஒரு யோசனை வந்தது. மரத்திலிருந்து ஆப்பிளை இழுக்கிற அதே ஈர்ப்பு நிலா வரைக்கும் நீள்கிறதா? நீள்கிறதென்றால் நிலாவும் விழுந்தாகவேண்டும். எவ்வளவு விழுகிறது என்று கணக்கிடலாமே!

நாமும் போட்டுப் பார்க்கலாம், காகிதமும் பேனாவும் போதும். நிலா சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தொலைவில், 27.3 நாளில் பூமியை ஒருமுறை சுற்றுகிறது. சுற்றளவை நாட்களால் வகுத்தால், நொடிக்குச் சுமார் 1.02 கிலோமீட்டர் வேகம். அந்த ஒரு நொடியில் நேர்கோட்டில் போயிருக்க வேண்டிய நிலா, தன் வட்டத்தில் இருப்பதற்காக எவ்வளவு பூமிப் பக்கம் வளைந்திருக்க வேண்டும்? வேகத்தின் வர்க்கத்தை இருமடங்கு தொலைவால் வகுத்தால் விடை வரும்: 1.36 மில்லிமீட்டர். ஓர் அரிசி மணியின் தடிமன்கூட இல்லை. நிலா நொடிக்கு ஒரு கிலோமீட்டர் நடக்கிறது, அந்த நேரத்தில் நம்மை நோக்கி ஒன்றரை மில்லிமீட்டர்கூட விழுவதில்லை.

இப்போது இதை மரத்தடியோடு ஒப்பிடுங்கள். ஆப்பிள் ஒரு நொடியில் விழுவது 4.9 மீட்டர். அதை 1.36 மில்லிமீட்டரால் வகுத்தால் கிட்டத்தட்ட 3,600. நிலா இருப்பது பூமியின் மையத்திலிருந்து பூமியின் ஆரத்தைப் போல் 60 மடங்கு தொலைவில். 60-ஐ 60-ஆல் பெருக்கினால் 3,600. தொலைவு இருமடங்கானால் ஈர்ப்பு நான்கில் ஒன்றாகும், மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்றாகும் என்ற விதி அப்படியே கண்முன் வந்து நிற்கிறது. தோட்டத்தில் விழும் பழத்துக்கும் வானத்தில் போகும் நிலாவுக்கும் ஒரே சட்டம். நான் இந்த வகுத்தலை முதன்முதலில் என் கையால் போட்டுப் பார்த்தது கல்லூரி விடுதி அறையில். 3,600-ஐ ஒட்டி விடை வந்தபோது வெளியே போய் நிலாவைப் பார்க்கவேண்டும் போலிருந்தது. போய்ப் பார்த்தேன்.

நியூட்டனுக்கு முதல் முறையே இப்படிச் சரியாக வரவில்லை. பூமியின் அளவாக அப்போது அவர் எடுத்துக்கொண்ட எண் பிழையானது. பிறகு பிரான்சில் ழான் பிக்கார் பூமியைத் திருத்தமாக அளந்தார். 1687-இல் வெளியான நியூட்டனின் பிரின்சிபியா நூலில் அந்த அளவை வைத்துப் போட்ட நிலாக் கணக்கு அழகாகப் பொருந்தி வந்தது. அந்தப் பெருநூலை, சென்னையில் வளர்ந்து மாநிலக் கல்லூரியில் படித்து, 1983-இல் நோபல் பரிசு பெற்ற சுப்ரமணியன் சந்திரசேகர் தம் கடைசி ஆண்டுகளில் கையில் எடுத்தார். ஒவ்வொரு தேற்றத்தையும் முதலில் தம் வழியில் தாமே நிறுவிப் பார்த்துவிட்டு, பிறகு நியூட்டன் எப்படிச் செய்திருக்கிறார் என்று ஒப்பிட்டுப் பார்த்தார். பொது வாசகருக்காக அவர் எழுதிய பிரின்சிபியா விளக்கம் 1995-இல் வெளிவந்தது. அதே ஆண்டு அவர் காலமானார். வாழ்நாள் முழுவதும் விண்மீன்களைக் கணக்கிட்ட ஒருவர் கடைசியில் திரும்பி வந்தது இந்தப் பழைய நிலாக் கணக்கு இருக்கும் புத்தகத்துக்கு என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

சூரியனைச் சுற்றும் பூமிக்கும் இதே கதைதான். நாம் நொடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறோம். அந்த நொடியில் சூரியனை நோக்கி விழுவது 3 மில்லிமீட்டர். பாதை முழு வட்டமும் அல்ல, சற்றே நீண்ட வட்டம். செவ்வாயின் பாதையை வட்டமாக வைத்துக்கொண்டு கணக்கிட்டபோது ஒரு டிகிரியில் ஏழில் ஒரு பங்குக்கும் குறைவாக வந்த வேறுபாட்டை அலட்சியம் செய்ய மனமில்லாமல், யோகான்னஸ் கெப்ளர் வட்டத்தையே கைவிட்டு 1609-இல் நீள்வட்டத்தை வெளியிட்டார். நீள்வட்டம் என்பதால் பூமி சூரியனுக்கு அருகே வரும் காலமும் உண்டு, விலகிப் போகும் காலமும் உண்டு. அருகே வருவது நாம் போர்வைக்குள் சுருண்டுகிடக்கும் மார்கழியில், ஜனவரி முதல் வாரத்தில். அப்போது தொலைவு 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலை தொடக்கத்தில் அது 15.2 கோடியாகிவிடுகிறது. குளிரையும் வெயிலையும் தீர்மானிப்பது இந்தத் தூரமல்ல, பூமியின் அச்சுச் சாய்வு. ஆனால் அருகே இருக்கும் மார்கழியில் பூமி கொஞ்சம் வேகமாக ஓடுகிறது என்பது மெய்.

அருகே இருந்தால் வேகம், விலகினால் நிதானம். கெப்ளர் 1619-இல் வெளியிட்ட மூன்றாம் விதி இதை எண்ணாக்கித் தந்தது. தொலைவின் மும்மடியும் சுற்றும் காலத்தின் வர்க்கமும் ஒரே விகிதத்தில் போகும். 400 கிலோமீட்டர் உயரத்து விண்வெளி நிலையம் ஏறத்தாழ 92 நிமிடத்தில் ஒரு சுற்று முடிக்கிறது. நிலாவுக்கு 27 நாள் ஆகிறது. இடையில் எங்கோ ஓர் உயரத்தில் சுற்றுக்காலம் சரியாக ஒரு நாளாக இருந்தாக வேண்டுமல்லவா? அந்த உயரம்தான் 35,786 கிலோமீட்டர். சரிபார்க்க ஆசைப்படுகிறவர்கள் நிலாவின் தொலைவை, பூமியின் மையத்திலிருந்து அந்தச் செயற்கைக்கோள் இருக்கும் 42,164 கிலோமீட்டரால் வகுத்துப் பாருங்கள். 9.1 வரும். அதன் மும்மடியின் வர்க்கமூலம் 27-ஐத் தாண்டி நிற்கும். நிலாவுக்கு ஆகும் நாட்கள்! டிஷ் பார்க்கிற செயற்கைக்கோளும் பௌர்ணமி நிலாவும் ஒரே வாய்ப்பாட்டில் உட்கார்ந்திருக்கின்றன.

அந்த உயரத்தில் செயற்கைக்கோள் நொடிக்கு 3 கிலோமீட்டர் ஓடுகிறது, அந்த நொடியில் பூமியை நோக்கி 11 சென்டிமீட்டர் விழுகிறது, அதாவது அரைச் சாண். அது ஒரு சுற்றை முடிக்கும் நேரத்தில் பூமியும் தன் அச்சில் ஒருமுறை சுழன்றுவிடுவதால், மொட்டைமாடியிலிருந்து பார்க்கிற நமக்கு அது "நிக்குது".

இனி தெற்குக்கான காரணம். சென்னைக்கு நேர் மேலே ஒரு செயற்கைக்கோளை நிறுத்தினால் எவ்வளவு வசதி! ஆனால் அது நடக்காது. செயற்கைக்கோளை வளைக்கும் ஒரே விசை பூமியின் மையத்தை நோக்கி இருக்கிறது. ஆகவே அது சுற்றும் வட்டத்தின் நடுப்புள்ளி பூமியின் மையமாகத்தான் இருக்க முடியும். சென்னையின் 13 டிகிரி அட்சரேகையை ஒட்டியே சுற்றவேண்டுமென்றால், அந்த வட்டத்தின் நடுப்புள்ளி மையத்துக்கு வடக்கே, அச்சில் எங்கோ இருக்கவேண்டும். அங்கே இழுக்க எதுவும் இல்லை. சென்னைக்கு மேலாகப் போகிற எந்தச் செயற்கைக்கோளும் அரைச் சுற்றில் அதே அளவு தெற்கே போயே தீரும். போகாமல் ஓரிடத்தில் இருக்க வழியுள்ள பாதை ஒன்றே ஒன்று: நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே இருக்கும் வளையம். நமக்கு அது தெற்கே. 83 டிகிரி கிழக்கிலுள்ள செயற்கைக்கோள் சென்னைக்குத் தெற்கு வானில் 74 டிகிரி உயரத்தில், உச்சிக்குச் சற்றே தாழ இருக்கிறது. லண்டனில் குடியிருக்கும் நம்மவர் வீட்டு டிஷ் வெகுவாகத் தாழ்ந்து அடிவானத்துப் பக்கமாகப் பார்ப்பதும், மெல்போர்னில் அதுவே வடக்கே பார்ப்பதும் இதனால்தான். பூமியின் மையம் எங்கே இருக்கிறது என்பதை ஊருக்கு ஊர் இந்தத் தகரத் தட்டுகள் காட்டிக்கொண்டிருக்கின்றன.

இந்த வளையத்தில் மூன்று நிலையங்கள் இருந்தால் உலகம் முழுவதையும் இணைக்கலாம் என்று 1945-இல் ஒரு வானொலித் தொழில்நுட்ப இதழில் எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். பின்னர் 1956 முதல் 2008-இல் இறக்கும் வரை அவர் வாழ்ந்தது இலங்கையில். வளையத்துக்கு ஏறக்குறைய நேர் கீழே. இந்தியா அந்த வளையத்தில் முதன்முதலாக நிறுத்திச் சோதித்த தகவல் தொடர்புச் செயற்கைக்கோள் 1981-இல் ஏரியான் ராக்கெட்டில் போனது. சோதனைக்காக அதை மாட்டுவண்டியில் ஏற்றி நிறுத்திய புகைப்படம் புகழ்பெற்றது. அதன் பெயர், ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்ததில் அமைந்த பெயர், ஆப்பிள்.

சுற்றுப்பாதையில் நம் சாலை அறிவு செல்லாது. இதை நேரில் கற்றுக்கொண்டவர் ஜேம்ஸ் மெக்டிவிட். 1965 ஜூன் 3-ஆம் நாள் ஜெமினி-4 விண்கலத்தில் போன அவர், தம்மைச் சுமந்துவந்து கழன்றுபோன ராக்கெட் அடுக்கின் அருகே போக முயன்றார். அதை நோக்கிக் கலத்தைத் திருப்பி உந்தினார். நெருங்குவதற்குப் பதில் இடைவெளி கூடியது. மறுபடி உந்தினார், மறுபடியும் அதேதான். எரிபொருள் கரையவே முயற்சியைக் கைவிட வேண்டியதாயிற்று. முன்னால் போகும் வண்டியைப் பிடிக்க நாம் ஆக்சிலேட்டரை அழுத்துவோம். விண்ணில் வேகத்தைக் கூட்டினால் பாதை உயர்ந்துவிடும். உயர்ந்த பாதை நீளம், அங்கே நடையும் மந்தம். முன்னால் போகிறவர் இன்னும் முன்னேறிவிடுவார். அவரைப் பிடிக்க வேண்டுமானால் முதலில் வேகத்தைக் குறைக்கவேண்டும். குறைத்தால் கலம் தாழ்ந்து விழும், விழும்போது வேகம் பெறும், உள்வட்டத்தில் சுருக்கமாகச் சுற்றி வந்து அவரை எட்டிவிடும். பிறகு மெல்ல உயரவேண்டும். அதே ஆண்டு டிசம்பரில் ஜெமினி-6 இப்படிக் கணக்கிட்டுப் போய் ஜெமினி-7-க்குச் சில அடி நெருக்கத்தில் நின்றது. 2024 டிசம்பர் 30-ஆம் நாள் இஸ்ரோ ஏவிய ஸ்பேடெக்ஸ் செயற்கைக்கோள்கள் இரண்டும், 2025 ஜனவரி 16, காணும் பொங்கலன்று, விண்ணில் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டதும் இந்தக் கணக்கின் மேல்தான்.

சந்திரயான்-3 சென்ற வழியையும் இந்தக் கண்ணோடு பார்க்கவேண்டும். 2023 ஜூலை 14-இல் ஏவப்பட்டபோது அதன் பாதை ஒரு நீண்ட நீள்வட்டம். ஒரு முனை தரையிலிருந்து 170 கிலோமீட்டர், மறு முனை 36,500 கிலோமீட்டர். கீழ்முனையில் நொடிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் பாயும், மேல்முனையில் 1.6 கிலோமீட்டருக்குத் தளர்ந்துவிடும். கையால் எறிந்த கல் உச்சியில் தயங்குவதைப் போலத்தான். தயங்கி, பூமியை நோக்கித் திரும்ப விழும். பெரும்பாலும் அது விழுந்து கீழ்முனைக்கு வருகிற வேளை பார்த்தே எஞ்சினை இயக்கினார்கள். ஓரிடத்தில் உந்தினால் உயர்வது அந்த இடமல்ல, எதிர்முனை. கீழே உந்த உந்த மேல்முனை எட்டிப் போனது. ஐந்து முறையில் அது சுமார் 1,27,600 கிலோமீட்டர் ஆயிற்று. ஆகஸ்ட் 1-இல் இன்னொரு உந்தலில் அது நிலாவின் பாதையை எட்டிப் பிடித்தது. வலுவான பெரிய ராக்கெட் இல்லாததை விழுந்து விழுந்து எழுந்து ஈடுகட்டிய பயணம் அது. விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்தார்.

ஆகஸ்ட் 5-ஆம் நாள் அது நிலாவின் சுற்றுப்பாதைக்குள் நுழைந்ததை "நிலாவின் ஈர்ப்பு சந்திரயானை இழுத்துக்கொண்டது" என்று பலரும் எழுதினார்கள். இழுத்தது உண்மை. ஆனால் இழுப்பு மட்டும் இருந்திருந்தால் சந்திரயான் நிலாவை நோக்கி விழுந்து, விழுந்ததில் வேகம் பெற்று, அந்த வேகத்தாலேயே வளைந்து தாண்டிப் போயிருக்கும். அன்று ஏறத்தாழ அரை மணி நேரம் எஞ்சினை எதிர்த்திசையில் இயக்கி வேகத்தைக் குறைத்தார்கள். சுற்றிவருவதற்கு வேகம் வேண்டும். கூடுதலாகவும் இருக்கக் கூடாது. ஆகஸ்ட் 23-இல், இருந்த வேகத்தையெல்லாம் இழந்து, அது நிலாவின் தரையைத் தொட்டது.

மீண்டும் டிஷ்ஷுக்கு வருகிறேன். அந்தச் செயற்கைக்கோளைப் பூமி மட்டும் இழுக்கவில்லை. சூரியனும் நிலாவும் இழுத்து இழுத்து அதன் பாதையை ஆண்டுக்குக் கிட்டத்தட்ட ஒரு டிகிரி வரை சாய்க்கப் பார்க்கின்றன. பூமியின் நிலநடுக்கோடும் முழு வட்டமில்லை. அந்தச் சிறு கோணலால் செயற்கைக்கோள் கிழக்கிலோ மேற்கிலோ நகரப் பார்க்கும். அவ்வப்போது சிறு உந்தல்களால் அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருகிறார்கள். எரிபொருள் தீரும் தருவாயில், மிச்சமிருப்பதைக் கொண்டு சுமார் 300 கிலோமீட்டர் மேலே தள்ளி ஓரங்கட்டிவிடுவது வழக்கம். அப்படித் தள்ளப்படாமல் செயலிழந்தவையும் உண்டு. அவை நிலநடுக்கோட்டின் கோணல் காட்டுகிற பள்ளத்தை நோக்கி நகர்கின்றன. அந்த வளையத்தில் அப்படிப்பட்ட பள்ளங்கள் இரண்டு. ஒன்று அமெரிக்கக் கண்டத்தின் பக்கம், 105 டிகிரி மேற்கில். மற்றொன்று 75 டிகிரி கிழக்கில், மங்களூருக்கு நேர் தெற்கே, மாலத்தீவுகளுக்குச் சற்றுக் கிழக்கே உள்ள கடலுக்கு மேல். ஓய்ந்துபோன செயற்கைக்கோள்கள் அதைச் சுற்றி ஊஞ்சலைப் போல இப்படியும் அப்படியும் ஆடுகின்றன. ஓர் ஆட்டம் போய்த் திரும்ப ஆண்டுகள் ஆகும்.

எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் அந்த இடம் தெற்கே, கொஞ்சம் மேற்காகத் தள்ளி, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வெகு உயரத்தில் இருக்கிறது. அங்கே ரேடியோ அடங்கி, எரிபொருள் வற்றிப்போன அந்தக் கலங்கள், எந்த உந்தலும் இல்லாமல், நொடிக்கு அரைச் சாண் வீதம் இப்போதும் விழுந்துகொண்டிருக்கின்றன.